எங்கள் தெரு போட்ட ஓட்டு

நான் தோற்றதைப் பற்றி மம்சாபுரத்தில் ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள். பொம்பளைப் பிள்ளைக்குக் கடைசி நேரத்தில் கை நடுங்கிவிட்டதாம். என் கை நடுங்கவில்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி கம்பெனியில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் துணி மடித்துக் கட்டுப் போடுகிற கை இது. நடுங்குகிற கைக்கு அங்கே வேலை கிடையாது. வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களிடம் போய் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை, அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டின் பெயர் கடைசி மூச்சு. இன்னும் இருநூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. வெளியே காற்றெல்லாம் கெட்டுப்போய், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நகரம். அதற்குள் ஐம்பது பேர் குதிப்போம். கிடைக்கிற துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் சுட வேண்டும், கடைசியில் நிற்கிறவர் ஜெயித்தவர். இதுவரைக்கும் மற்ற விளையாட்டு மாதிரிதான். இதில் கூடுதலாக ஒரு வினை உண்டு. போனில் பார்த்துக்கொண்டிருக்கிற சனங்களுக்கும் ஓட்டு. அவ்வப்போது எங்கள் பெயர்கள் வரிசையாக வரும். யார் பெயரை அதிகம் பேர் அமுக்குகிறார்களோ, அவர் தலைக்கவசத்துக்குள் காற்று நின்றுவிடும். கண் இருட்டும், கை கால் அசையாது. பக்கத்தில் எதிரி இருந்தால் சோலி முடிந்தது. ஆக, ஆகாதவன் பெயரைத்தான் அமுக்க வேண்டும். வேண்டியவர் பெயரைத் தொடவே கூடாது.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஊர் ஊராகப் போட்டி வைத்து ஆள் எடுத்தது. எங்கள் மாவட்டத்துக்கு ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கடைசிப் போட்டி. ஜெயிப்பவருக்குச் சென்னையில் அவர்கள் டீமில் இடம், தங்க ஹாஸ்டல், மாதச் சம்பளம். எனக்கு அந்த இடம் எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்டால், சம்பளத்துக்காக இல்லை.

என் அண்ணன் கௌதம்ராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில் வெங்கடேஸ்வரி என்ற பெண்ணை விரும்பினான். அவர்கள் வீட்டில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள், எங்கள் பெண் வேண்டுமென்றால் உங்கள் பெண்ணை எங்கள் மூத்தவனுக்குக் கொடுங்கள் என்று. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. மூத்தவர் சங்கிலிப்பாண்டி மாவு மில் வைத்திருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, கல்யாணத்துக்குப் பிறகு பொம்பளைக்குப் போன் எதுக்கு என்று கேட்டார், அவ்வளவுதான்.

நான் முடியவே முடியாது என்று நின்றேன். சோறு தண்ணி இல்லாமல் கிடந்து பார்த்தேன். கடைசியில் அப்பா ஒரு வழிக்கு வந்தார். அப்பா சிவபாண்டி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர், வாக்குத் தவறாத ஆள் என்று ஊரில் பெயர். "ஜெயிச்சா மெட்ராசுக்குப் போ, நான் தடுக்கல. தோத்தா வைகாசியில கழுத்த நீட்டணும். பொறவு பேச்சு மாறக் கூடாது" என்றார். நானும் சரி என்று சொன்னேன். எனக்கு என் குறி மேல் அம்புட்டு நம்பிக்கை.

போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது அண்ணன் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏட்டி செல்வி, கோபத்த விடு. நீ ஜெயிச்சா எனக்கும் பெருமதான். நம்ம தெருவுல வீட்டுக்கு ரெண்டு போன் கெடக்கு. நான் வீடு வீடாப் போயி எப்படி ஓட்டுப் போடணும்னு சொல்லிக் குடுக்கேன்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவன் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கிறேன், இவன் எனக்காகத் தெருத்தெருவாக நடக்கிறேன் என்கிறானே என்று உருகிப் போனேன். எவன் ஜெயிப்பான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்களோ, அந்த ராக்கெட் ரகு பெயரைச் சொல்லி, "எல்லாரையும் இந்தப் பேர அமுக்கச் சொல்லுண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினான் பாவி.

போட்டி அன்று காலையில் அம்மாவும் நானும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினோம். விளையாட்டு தெரிந்த எங்கள் தெரு இளவட்டங்கள் அத்தனை பேரும் விசிலடிக்க மண்டபத்துக்கே வந்துவிட்டார்கள். தெருவில் மிச்சம் இருந்தது பெரியவர்களும் பொம்பளைகளும், அவர்கள் நடுவில் அண்ணனும்தான்.

நான் நன்றாக விளையாடினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஐம்பது பேர் பத்தாகி, பத்து நாலாகி, கடைசியில் நானும் ரகுவும் இன்னொரு பையனும் நின்றோம். அந்தப் பையனை மொட்டை மாடியிலிருந்து ஒரே குண்டில் சாய்த்தேன். ரகு ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். அவன் தோள் வெளியே தெரிந்தது. தலை வரட்டும் என்று காத்திருந்தேன். முந்தைய ஓட்டுகளில் ஓட்டு பல பெயர்களுக்குச் சிதறிப் போனதால் என் காற்று நிற்கவில்லை. அப்போது கடைசி ஓட்டுக்கு மணி அடித்தது.

மைக்கில் பேசுகிறவன் முதலில் திகைத்தான், பிறகு சிரித்தான். "என்னங்க இது, மம்சாபுரத்துலேருந்து ஓட்டா கொட்டுது. அத்தனையும் செல்விக்கு எதிரா. சொந்த ஊருக்கே இந்தப் பொண்ணு மேல என்ன கோபமோ தெரியலையே" என்றான். மண்டபமே சிரித்தது. பெரிய திரையில் ஓட்டுப் போட்டவர்களின் பெயர்கள் ஓடின. வெள்ளத்தாய். தவசிமுத்து. மாரிக்கனி. மலைச்சாமி. எல்லாம் எங்கள் தெரு. எல்லாம் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். ரகுவின் தலை தொட்டிக்கு மேலே வந்த நேரம் என் திரை இருண்டது. அவன் நிதானமாக நடந்து வந்து என்னைச் சுட்டான்.

அம்மா ஒன்றும் புரியாமல் என் தலையைத் தடவினாள். இளவட்டங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே நழுவிவிட்டார்கள். அம்மா அப்பாவுக்கு மட்டும் போன் போட்டுத் தோற்றதைச் சொன்னாள்.

தெருவுக்குள் நுழைந்தால் வெடிச் சத்தம். வெள்ளத்தாய் சித்தி ஓடி வந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். போனில் ஆட்டம் ஓடுவது ஒரு பக்கம், ஓட்டு ஓடுவது இன்னொரு பக்கம். இவர்களுக்கு ஓட்டுப் பக்கம் மட்டும்தான் காட்டப்பட்டிருந்தது. அதில் என் பெயர் முதலில் நின்றதால் நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"உன் பேருக்குத்தான்ட்டி அம்புட்டு ஓட்டும். எங்க வீட்டு அவியளக் கூட விடலயே, கஞ்சி குடிக்க விடாம அமுக்க வச்சேன்" என்றாள் சித்தி.

"என் பேர அமுக்கணும்னு யாரு சித்தி சொன்னா?"

"வேற யாரு, உங்க அண்ணன்தான். வீட்டுக்கு வீடு வந்து, போன வாங்கி, விரலப் பிடிச்சுல்ல சொல்லிக் குடுத்தான். தங்கச்சி மேல உசுருட்டி அவனுக்கு."

நேரே வீட்டுக்குள் போனேன். அப்பா நாற்காலியில் இருந்தார். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"ஏம்ல இப்படிச் செஞ்ச?" என்றேன். அவனை நான் அதுவரை 'ல' போட்டுப் பேசியதில்லை.

"நான் என்ன செஞ்சேன்? ரகு பேரத்தான் சொன்னேன். பஞ்சாயத்து எலக்சன்ல போட்ட பழக்கத்துல அவிய உன் பேர அமுக்கிட்டாவ. படிக்காத சனம், நான் என்ன பண்ண முடியும்?" என்றான். பிறகு தன் போனை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். "நீங்களே பாருங்கப்பா. நான் ஒரு தடவையாவது இவ பேர அமுக்கியிருக்கேனான்னு பாருங்க."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவன் ரகு பெயரைத்தான் அமுக்கியிருந்தான். ஒன்று கூடத் தப்பவில்லை.

"பாத்தியா, பிள்ளை சரியாத்தான் போட்டுருக்கான். அவனப் போயி" என்றாள் அம்மா.

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன்" என்றேன். "சரியா எப்படிப் போடணும்னு இந்தத் தெருவுல இவன் ஒருத்தனுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அம்புட்டுப் பேர் விரலையும் பிடிச்சுச் சொல்லிக் குடுத்ததும் இவன்தான்."

அண்ணன் முகம் செத்துப்போனது. அப்பா அவனை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இனி அப்பா என் பக்கம் என்று நினைத்தேன். புத்தி கெட்டவள், ஒரு நிமிஷம் சந்தோஷம் கூடப் பட்டேன்.

அப்பா போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். "யாரு சொல்லிப் போட்டா என்ன, ஓட்டு ஓட்டுதான். நீ தோத்துட்ட. வாக்குன்னா வாக்கு" என்றார் என்னிடம். அவனிடம், "ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேசிரு" என்றார். அந்த வாக்கைச் சொல்லும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. மகன் செய்தது துரோகம் என்று தெரிந்தே அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டார். அண்ணனை நான் என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன், அவரை மாட்டேன்.

அங்கே நிற்கப் பிடிக்காமல் வாசலுக்கு வந்தேன். வெள்ளத்தாய் சித்தி ஒரு தூக்குச் சட்டி நிறைய அதிரசம் கொண்டு வந்து என் கையில் வைத்தாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இந்தப் பொம்பளை தன் விரலைத் தானே வெட்டிக்கொள்வாள். பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

"மெட்ராஸ் தண்ணி சேராது, காய்ச்சிக் குடி" என்றாள் சித்தி. "அங்க போயும் ஓட்டு கீட்டு வேணும்னா வெக்கப்படாமச் சொல்லுட்டி. நாங்க அம்புட்டுப் பேரும் உன் பேரத்தான் அமுக்குவோம்."