கல் ஏன் சூடாக இருந்தது

பேருந்து நிலையத்தில் அவருக்கு மைக்கு என்றுதான் பெயர். அறிவிப்பு அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வருபவர். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால்கூட நல்ல சேதி மாதிரிதான் காதில் விழும். அப்படி ஒரு குரல். அது அவருக்கே தெரிந்திருந்ததுதான் தொல்லை. சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் நாலு வார்த்தை பேச எழுந்து நிற்பவர் அவர்தான். மனைவி அவருடைய குடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். இருபது வருஷமாக வீட்டுக்கு வாய் அவர், காது அவள். அதில் யாருக்கும் குறை இருந்ததாக அவருக்குத் தெரியாது.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடுகளவு திருகாணியைக் கண்ணாடிக் காலில் பொருத்துவாள், வில்லையின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்கார வைப்பாள். நாள் முழுக்கப் பேசாமல் குனிந்து செய்கிற வேலை அது.

ஞாயிறு காலையில் நூலக மாடியில் பழம்பாட்டு வகுப்பு நடக்கும். வகுப்பு எடுப்பவர் நூலகர். வயதில் இவர்களைவிடச் சின்னவர். மைக்கு அங்கே போனதே வாய்விட்டுப் பாட்டுச் சொல்ல. குடை பிடிக்க ஆள் வேண்டுமே என்று அவளையும் கூட்டிப் போனார். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அங்கேதான்.

அன்று கரும்பலகையில் இருந்தது ஐந்தே வரி. யார் பாடியது என்று தெரியாது.

முற்றிய தினையின் முதற்கதிர் கொய்த
செவ்வாய்ப் பைங்கிளி சேணிற் செல்லாது;
கையகத் திருந்த கல்லும் வெய்தே;
எறியாள் நோக்கும் என்தோழி;
அறியான் போலும் அவ்வரை நாடனே.

மைக்கு வாசித்தார். வகுப்புக்கு வரும் மருந்துக் கடைக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். நூலகர் பொருள் சொன்னார்: தினைப்புனத்தில் முதல் கதிரைக் கிளி கொத்திக்கொண்டது, ஆனால் தூரப் பறக்கவில்லை. காவலுக்கு நிற்கிற பெண்ணின் கையில் கல் இருக்கிறது, சூடான கல். எறியாமல் பார்க்கிறாள். மலைநாட்டுக்காரனான அவள் காதலனுக்கு இது தெரியாது போலிருக்கிறது என்கிறாள் தோழி. "வெளியில கிளியும் தினையும். உள்ளுக்குள்ள அவனும் அவளும். சொல்லாம உள்ளே வச்ச அந்தப் பொருளுக்குத்தான் உள்ளுறைன்னு பேரு. சரி, கல் ஏன் சூடா இருக்கு?"

"வெயில்! நடுப்பகல்!" என்றார் மைக்கு, நடைமேடை எண் சொல்கிற உறுதியோடு.

"இருக்கலாம்," என்றார் நூலகர். அந்த 'லாம்' மைக்குக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்திலிருந்து சன்னமாக ஒரு குரல். "ரொம்ப நேரமா கையிலயே வச்சிருக்கா போல. கடையில ஸ்க்ரூ டிரைவர் அப்படித்தான் ஆகும். கீழ வைக்கிறப்போ சுடும்."

நூலகர் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார். "அப்போ அவ கிளியைப் பாக்காம விட்டுடலை. முன்னாடியே பாத்துட்டா. இத்தனை வருஷமா இந்தப் பாட்டைச் சொல்றேன்; ஏதோ நினைப்பில மெய்மறந்து நிக்கிறான்னே சொல்லிட்டிருந்தேன்." எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் குடையின் பொத்தானைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

மைக்குக்கு வயிறு எரிந்தது. இதை மூடி மறைக்க என்ன இருக்கிறது? கட்டின பெண்டாட்டி மேல்தான், பச்சைப் பொறாமை.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?" என்றார் வீட்டுக்கு நடக்கும்போது.

"யாரு சொல்லணும்? கையில வச்சிருந்தா சுடும்."

"அதெல்லாம் பாட்டுல இல்லை."

"பாட்டுலதாங்க இருக்கு. மூணாவது வரி."

நூலக ஆண்டு விழா நெருங்கியது. இந்தப் பாட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வகுப்பிலிருந்து ஒருவர் மேடையேற வேண்டும். நூலகரின் கண் அவள் பக்கம் போவதற்குள் மைக்கு கையைத் தூக்கிவிட்டார். "ரெண்டு பேரும் எழுதிட்டு வாங்க. அடுத்த ஞாயிறு இங்க படிச்சுப் பாத்து முடிவு பண்ணுவோம்," என்றார் நூலகர்.

மைக்கு மூன்று பக்கம் எழுதினார். எதுகை இருந்தது, மோனை இருந்தது, தமிழின் பெருமை இரண்டு இடத்தில் இருந்தது. பாட்டுத்தான் இல்லை. அவள் கடையிலிருந்து கொண்டுவந்த நீள நோட்டில் தினமும் கொஞ்சம் கிறுக்கினாள். புதன்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு அவர் அதை எடுத்துப் படித்தார். முதல் கதிர் என்பது பாட்டில் வரும் பெண்ணின் முதல் காதல் என்று எழுதியிருந்தாள். கிளி தூரம் போகாதது பயமில்லாததால். தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பு அதற்கு. கடைசி வரியை மட்டும் எழுதிவிட்டு, 'இதற்கு இன்னும் யோசிக்க வேண்டும்' என்று விட்டிருந்தாள்.

நன்றாக இருந்தது. படுபாவி, எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாள்! அவர் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டார். நோட்டைக் கொண்டுபோய் அறிவிப்பு அறை இழுப்பறையில், பழைய கால அட்டவணைகளுக்கு அடியில் செருகினார்.

வியாழக்கிழமை அவள் மெத்தைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடினாள். "என் நோட்டைப் பாத்தீங்களா?"

"நான் எதுக்கு உன் நோட்டைப் பாக்கணும்?"

வெள்ளிக்கிழமை அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை அறிவிப்பு அறைக்கு அவளே கொண்டுவந்தாள். அடுத்தடுத்து நாலு வண்டி கிளம்புகிற நேரம். அவர் அறிவித்துவிட்டுத் திரும்பியபோது அவள் போயிருந்தாள். டப்பா மேசைமேல் இருந்தது, மூடிமேல் ஸ்பூன் இருந்தது. பசியில் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவள் நோட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஞாயிறு காலை அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். கண்டம் தாண்டியது என்று நினைத்துக்கொண்டார்.

வகுப்பில் அவள், "என்னால எழுத முடியலைங்க. அவரே பேசட்டும்," என்று ஒதுங்கிக்கொண்டாள். மைக்கு வாசித்தார். அவளுடைய சொல்லும் அவருடைய குரலும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? முதல் கதிருக்கே மருந்துக் கடைக்காரர் 'ஆகா' என்றார். கடைசி வரிக்கு மட்டும், தலைவன் பாவம், ஒன்றும் அறியாத வெகுளி என்று சொந்தமாக முடித்தார். கைதட்டினார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளும் தட்டினாள்.

"ஒரு சந்தேகம்," என்றார் மருந்துக் கடைக்காரர். "கிளி பக்கத்துலயே இருக்கு. கையில கல்லும் இருக்கு. ஏன் எறியலை?"

நோட்டில் இதற்குப் பதில் இல்லை. மைக்கு தாளைப் புரட்டினார். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

நூலகர் அவளிடம், "நீங்க சொல்லுங்களேன்," என்றார்.

"எறிஞ்சா பறந்து போயிடும். அவளுக்கு அது வேணும். ஆனா அவ பாத்துட்டான்னு அதுக்கும் ஒருநாள் தெரியணும் இல்லையா? அதுக்குத்தான் கல்லைக் கீழ போடாம வச்சிருக்கா," என்றாள் அவள். சொல்லும்போது புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

மைக்குக்கு அப்போது ஸ்பூன் நினைவுக்கு வந்தது. அந்த ஸ்பூன் எப்போதும், அவர் நோட்டைச் செருகிய அந்த இழுப்பறையில்தான் கிடக்கும்.

திங்கட்கிழமை அறைக்குள் போனதும் இழுப்பறையைத் திறந்தார். நோட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. கடைசிப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு, பொடி எழுத்தில் மூன்று வரி கூடியிருந்தது. 'அவன் அறியான் என்பது தோழியின் பேச்சு. தலைவி அப்படிச் சொல்லவில்லை. அவனாக வந்து சொல்லட்டும் என்று நிற்கிறாள். அதுவரை கல் ஆறாது.'

வெட்கத்தில் காது மடல் எரிந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும், இந்த மூன்று வரி நேற்றே கையில் இருந்திருந்தால் முடிவு எப்படி அமைந்திருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. மனுஷ ஜன்மம்!

மதியம் கண்ணாடிக் கடைக்குப் போய் நோட்டைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். அவள் ஒரு சட்டத்தில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எடுத்தேன். நூலகர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன். விழாவில நீயே பேசு," என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அவள் வேலையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "கையை நீட்டுங்க."

நீட்டினார். கையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை அவர் உள்ளங்கையில் வைத்தாள். சுட்டது.

"நாலு நாளா வச்சிருந்தேன்," என்றாள், சிரிக்காமல்.

அவர் அதை மூடிப் பிடித்துக்கொண்டார். இதையும் அவளே நன்றாகச் சொல்லிவிட்டாள் என்று அந்த நேரத்திலும் அவருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.