கதவை மறித்து ஓடும் ரயில்

1.

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அக்கா கதவருகே வந்து நின்று, "நான் எப்படி உள்ள வர்றது?" என்று கேட்டதிலிருந்துதான் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். தான் அப்படிக் கேட்கவே இல்லை என்கிறாள் அவள். ஒன்றும் சொல்லாமல் நின்றாளாம். எனக்கு மௌனங்கள் பிடிக்கும். ஆனால் மௌனத்தை மேற்கோள் குறிக்குள் போட முடியாது. ஆகவே கேட்டாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2.

முதல் தொடக்கம்: "அந்த அறைக்குள் நுழைந்தபோது, காலம் ஒரு தண்டவாளத்தைப் போல..."

[அடித்துவிட்டேன். காலம் தண்டவாளத்தைப் போல இல்லை. தண்டவாளத்தை அளக்க முடியும்.]

இரண்டாவது தொடக்கம்: என் அக்காவின் கணவர் பல் செட் செய்பவர். வீட்டின் பின்னறையில், நான்கு சுவர்களையும் ஒட்டி இடுப்புயரத்துக்குப் பலகை அடித்து, அதன் மேல் பொம்மை ரயிலுக்குப் பாதை போட்டார். (பொம்மை என்றால் மாமா ஒரு வாரம் பேசமாட்டார். மாதிரி ரயில்.) ரயில் சுற்றிவர வேண்டுமே என்று வாசலுக்குக் குறுக்கேயும் பலகை போயிற்று. உள்ளே போக வேண்டுமென்றால் அதன் அடியில் தவழ வேண்டும்.

மாமாவும் நானும் தவழ்ந்தோம். ஞாயிறு காலைகளில் பயணிகள் பெட்டிகளைப் பொருத்திச் சேர்த்தோம்: சக்கரம், கொக்கி, ஜன்னல், கூரை. இருக்கைகள் மட்டும் மாமாவே வார்த்தவை, செயற்கை ஈறு செய்யும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில்.*

* ஒன்பது பெட்டிகள். எட்டாகவும் இருக்கலாம். மாமாவிடம் கேட்டால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார், அரை நாள் போய்விடும்.

3.

வளைவுகளை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்த மாமா ஒன்றை அளக்க மறந்தார்: அக்காவின் வலது முட்டியை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது பாதிதான் மடங்கும். ரயிலை முதலில் ஓட்டப்போவது அவள்தான் என்று, பலகை அடிப்பதற்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார்.

"கொஞ்சம் குனிஞ்சு வா," என்றார்.

"குனிஞ்சா நிமித்த நாலு பேர் வேணும்."

"அப்ப அங்க நின்னே ஓட்டேன். கன்ட்ரோலை நீட்டுறேன்."

"வெளிய நின்னு பாக்க நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா? உள்ள வந்து ஓட்டுன்னுதான சொன்னீங்க. உள்ள வந்துதான் ஓட்டுவேன்."

வாசலை மறித்த பலகையில்தான் ஸ்டேஷன் இருந்தது. எட்டு மாத வேலை. அதை அறுத்து எடுத்தால் வழி கிடைக்கும். ஆனால் அறுத்த தண்டவாளம் திரும்ப ஒழுங்காகச் சேரும் என்று சொல்ல முடியாது. சேராவிட்டால் ரயில் சுற்றாது.

[கீல் வைத்துத் தூக்குகிற மாதிரி முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நீங்களாவது கேட்காதீர்கள். அக்கா தினமும் கேட்டாள்.]

"அறுத்துடுங்க மாமா," என்றேன்.

"பேனா பிடிக்கிறவன் சுலபமா சொல்லிடுவ மாப்பிள்ளை."

4.

ஒரு முடிவு: அக்கா வலியைப் பொறுத்துக்கொண்டு தவழ்ந்து போகிறாள். [கூடாது. என் அக்கா.]

இன்னொரு முடிவு: அவள் கதவருகே நின்றபடி, கண்கள் கலங்க... இதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

"நான் எப்படா அழுதேன்?"

"கதைக்காகக்கா."

"கதைக்கு வேணும்னா நீ உக்காந்து அழு."

பல் ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்த மாமா நிமிரவில்லை. "நான் அறுக்கிற மாதிரி எழுதியிருக்கியா?"

"இன்னும் இல்ல."

"எழுது. படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்றேன்."

மூன்று வாரம் நான் ஒரு வரி எழுதவில்லை. உங்கள் ஒரு வரியால் ஒருவருடைய எட்டு மாத வேலை போகும் என்றால் நீங்கள் எழுதுவீர்களா? எழுதாவிட்டால் அக்கா வெளியிலேயே நிற்பாள். சொல்லுங்கள்.

5.

நான்காவது வாரம் மாமாவே ரம்பத்தை எடுத்துவிட்டார். "உன் தம்பி எழுதி முடிக்கிறதுக்குள்ள உன் இன்னொரு முட்டியும் போயிடும்," என்றாராம். நான் அங்கே இல்லை. அறுக்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

[                    ]

மற்றபடி நடந்தது இவ்வளவுதான். தண்டவாளம் சேரவில்லை. ரயில் வாசலின் ஒரு பக்கம் கிளம்பி, அறையைச் சுற்றி மறுபக்கம் வரை போய், வந்த வழியே பின்னோக்கித் திரும்புகிறது. ஸ்டேஷன் அலமாரி மேல் இருக்கிறது. அக்கா உள்ளே நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து ஓட்டுகிறாள். மாமாவுக்கு இன்னும் முறை வரவில்லை.