சத்தம் அடங்கும் இடம்

வாசலில் நின்றிருந்த காரில் பாட்டின் சத்தம் தானாக உயர்ந்தது. எஞ்சின் ஓடவில்லை. சாவியைப் பாதி திருகி ரேடியோவை மட்டும் போட்டுவிட்டு தவ்ஹீத் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நெய்வேலியிலிருந்து வண்டி பார்க்க வந்தவர் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார்.

"என்னா தம்பி, நிக்கிறப்பவே இந்தக் கத்து கத்துது. ஓட்டுனா கண்ணாடி தெறிச்சிடும்போல."

வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகப் போனவர் பிறகு போனை எடுக்கவில்லை.

கார் தவ்ஹீதின் அக்கா ஹஃப்சாவின் கணவர் காசிமுடையது. கடலூர் முதுநகரில் வீடு, சிதம்பரம் மேலவீதியில் பெட்டி, பை விற்கும் கடை. தினமும் காலையில் போய் இரவு திரும்புவார். போன ஐப்பசி மழையில் ஒருநாள் கடைக்குக் கிளம்பியவர் கடைக்குப் போய்ச் சேரவில்லை. கார் மட்டும் சிதம்பரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பூட்டிய நிலையில் கிடைத்தது. ரயில் ஏறிப் போயிருப்பார் என்றது காவல் நிலையம். சென்னையில் இன்னொரு குடும்பம் இருந்திருக்கும் என்றது தெரு. மாமியார் சலீமா பீவி, மகன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி, இறந்தவர்களுக்காக ஓதும் யாசீனை யாரையும் ஓத விடவில்லை.

கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டும். விட்டுப்போனால் ஜமாஅத்தில் போய் நின்று மணவிலக்கு கேட்கலாம். ஹஃப்சாவால் இரண்டும் முடியவில்லை. சித்திரை வந்துவிட்டது. அவள் யாருடைய மனைவி, அல்லது யாருடைய விதவை என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த தவ்ஹீதுக்கு, வாசலில் கிடந்து அக்காவின் கண்ணை உறுத்தும் இந்த வண்டியையாவது விற்றுவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தது.

வேகம் கூடினால் சத்தமும் கூடும், வேகம் குறைந்தால் குறையும். காற்றிரைச்சலில் பாட்டு அமுங்கிவிடாதிருக்கக் கம்பெனியிலேயே வைத்து அனுப்பும் வசதி அது. அதை நிறுத்தும் வழிகளைத் தவ்ஹீத் காணொளிகளில் தேடிப் பார்த்தான். முதல் வழி திரையில் உள்ள அமைப்புப் பக்கம். போய்ப் பார்த்தால் அது ஏற்கெனவே அணைத்துத்தான் இருந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றி ஒரு பகல் விட்டு மறுபடி மாட்டினான். கூரை விளக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மைக் துளையில் டேப் ஒட்டினான். பாட்டு ஏறுவதும் இறங்குவதும் மாறவில்லை.

பள்ளித் தோழன் அருண்குமார் மஞ்சக்குப்பத்தில் கார் செட் மாட்டும் கடை வைத்திருந்தான். அவன் வந்தபோது தவ்ஹீத், காலாவதியான ஏடிஎம் அட்டையைச் செருகி டேஷ்போர்டின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தான்.

"துபாய்ல குடோன்ல பொட்டிதான மாப்ள தூக்குற? இங்க வந்து இன்ஜினியர் ஆயிட்டியா?"

"பேசாம ஸ்பீடு ஒயர் எதுன்னு காட்டுடா."

செட்டை வெளியே இழுத்து, பின்னால் இருந்த கொத்தில் ஒரு மெல்லிய ஒயரைப் பிரித்தெடுத்து அருண்குமார் வெட்டினான். "சக்கரம் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு இதுலதான் வரும். இனிமே உன் செட்டுக்குக் கண்ணு தெரியாது."

ரேடியோவைப் போட்டார்கள். நாட்டு விதை நெல்லைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் மெல்ல ஏறியது. அருண்குமார் வெட்டிய இரண்டு முனைகளையும் கையில் பிடித்தபடி அவற்றையே பார்த்தான். சிரிப்பு அவன் முகத்தில் அரைகுறையாக நின்றது.

டீ கொண்டுவந்த ஹஃப்சா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னா லாத்தா?" என்றான் தவ்ஹீத்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க."

விதை நெல்காரரின் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. பிறகு சுத்தமாக நின்றது. நான்கைந்து மூச்சு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி வந்து ஏறத் தொடங்கியது.

"நம்ம ஊர் எல்லை மையவாடி," என்றாள் ஹஃப்சா.

தவ்ஹீத் அவளைப் பார்த்தான். மையவாடியைத் தாண்டும்போது காசிம் மச்சான் பாட்டை நிறுத்துவார் என்பது அவனுக்கும் தெரியும். அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கு ஸலாம் சொல்லி முடித்த பிறகுதான் மறுபடி சத்தம் வைப்பார். பின் சீட்டில் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும், பேச்சையும் நிறுத்தச் சொல்வார்.

குரல் உயர்ந்து ஒரே அளவில் ஓடியது. அது அடுத்தடுத்து மூன்று முறை தாழ்ந்து எழுந்தபோது, "ஆலப்பாக்கத்து ஸ்பீடு பிரேக்கரு," என்றாள். மருத்துவமனைக்கும் கல்யாணங்களுக்கும் அந்தச் சாலையில் எத்தனையோ முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறாள். வளைவுகள் அவள் உடம்பிலேயே இருந்தன. "இது புதுச்சத்திரம். அன்னிக்கு அவுங்க போன வழியிலயே போவுது."

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் குரல் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே வெகுநேரம் கிடந்தது. அருண்குமார் டீயைக் குடிக்க மறந்து நின்றான். பிறகு ஒரே தாவலில் சத்தம் ஏறியது. அதுவரை இல்லாத உயரம்.

"இந்த வேகத்துல அவுங்க ஓட்டமாட்டாங்களே," என்றாள் ஹஃப்சா மெதுவாக.

முட்லூர் கூட்டுரோட்டில் சத்தம் சற்றுத் தணிந்தது. அங்கே சாலையோரமாகவே பெரிய மையவாடி உண்டு. மூவரும் காத்திருந்தார்கள். விதை நெல்காரர் நிற்காமல் பேசினார். வெள்ளாற்றுப் பாலம் வந்தது. சிதம்பரத்து நெரிசல் வந்தது. கடைசியில் குரல் தாழ்ந்து அப்படியே நிலைத்தது.

"முட்லூர் மையவாடில சத்தம் நிக்கலையே லாத்தா," என்றான் தவ்ஹீத்.

"கொறையறது வேற, நிக்கிறது வேற," என்றான் அருண்குமார். "வண்டி நின்னா சத்தம் கொறையும், ஆனா அடங்காதுக்கா. சுத்தமா அடங்கணும்னா ஸ்டியரிங்ல இருக்கற பட்டன ஒரு ஆளு அமுக்கணும்."

"புதுச்சத்திரம் வரைக்கும் ஓட்டுனது அவுங்க," என்றாள் ஹஃப்சா. "அதுக்கப்புறம் ஓட்டுனது வேற ஆளு."

அவள் உள்ளே போய் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

செட்டை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு, அருண்குமார் பக்கத்தில் ஏறிக்கொள்ள, தவ்ஹீத் வண்டியை எடுத்தான். ரேடியோவை அணைக்க வேண்டாம் என்று ஹஃப்சா சொல்லிவிட்டாள். வாசலில் அப்படி ஏறி இறங்கிய சத்தம் சாலையில் ஏறவே இல்லை. ஊர் எல்லை மையவாடியின் பச்சைக் கம்பிக் கதவு நெருங்கியதும் அடங்கியது. தவ்ஹீதின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல்பக்கத்தில், பட்டனுக்குத் தூரத்தில் இருந்தன. ஹஃப்சா ஸலாம் சொன்னாள். சத்தம் திரும்பி வந்தது.

"நிறுத்தி ஒரு சோடா குடிச்சிட்டுப் போலாமா மாப்ள?" என்றான் அருண்குமார். தவ்ஹீத் வேகத்தைக் குறைக்கவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் நான்கு வழிச் சாலை நேராகப் போகிறது. இடப்பக்கம், முன்பு பேருந்துகள் போய்வந்த பழைய சாலையின் வளைவு ஒன்று வெட்டுண்டு கிடக்கிறது. லாரிகள்கூட அதில் அதிகம் ஒதுங்குவதில்லை. ஹஃப்சா கை காட்டினாள். தவ்ஹீத் திருப்பினான். தாரின் வெடிப்புகளில் புல் வளர்ந்திருந்தது. ஒருபக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் மழைநீர் வற்றிய பள்ளம். நல்ல வெயில். சவுக்கில் காற்று இரைந்துகொண்டிருந்தது.

தோப்பின் நடுப்பகுதிக்கு வந்தபோது ரேடியோ அடங்கியது.

தவ்ஹீத் வண்டியை நிறுத்தினான். சத்தத்தைக் கூட்டும் பட்டனை அமுக்கினான். திரையில் எண் ஏறியது. ஒலி வரவில்லை.

"லூஸ் கனெக்‌ஷனா இருக்கும்," என்றான் அருண்குமார். தன் குரல் தனக்கே பிடிக்காதவன்போல உடனே வாயை மூடிக்கொண்டான். பிறகு, "வாசல்ல கேட்டப்ப இந்த எடத்துல கொறைஞ்சுதுதான? அடங்கலையே?" என்றான்.

"அன்னிக்கு இங்க மையவாடி இல்ல," என்றாள் ஹஃப்சா.

கதவைத் திறந்து இறங்கினாள். தவ்ஹீத் பின்னால் போகப் பார்த்தான். அருண்குமார் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான். சாலையோரத்தில் அவள் நின்றாள். சவுக்கு மரங்களுக்கிடையே ஓர் இடத்தில் மட்டும் சருகு மெல்லியதாகப் படிந்திருந்தது. மண் சற்றே உள்வாங்கியிருந்தது. அவள் அதற்குமேல் நெருங்கவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றாள். மையவாடிகளைத் தாண்டும்போது அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டே அவளுக்கு மனப்பாடமாகியிருந்த மிச்சத்தையும் சொன்னாள். நீங்கள் முந்திப் போய்விட்டீர்கள், அல்லாஹ் நாடினால் நாங்களும் உங்களை வந்து சேர்கிறவர்கள்தாம் என்று முடித்தாள்.

பின்னால் காரில் ரேடியோ திரும்பி வந்தது. மெதுவாக, நின்றிருக்கும் வண்டியில் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு சத்தத்தில். யாரோ ஓர் அறிவிப்பாளர் நாளைய வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹஃப்சா திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"போலீசுக்கு அருணைப் போன் போடச் சொல்லு. நீ மாமிக்குப் போடு. யாசீன் ஓத ஆள் சொல்லச் சொல்லு."

"லாத்தா..."

"அப்புறம் பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட ஒண்ணு கேளு, தவ்ஹீத். இத்தாவ நான் அந்த ஐப்பசிலேருந்து எண்ணணுமா, இன்னிலேருந்து எண்ணணுமான்னு."