மாமியார் கொண்டைக்குக் குறி

மாப்பிள்ளையும் மாமியாரும் மாலை வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பது ஒன்றும் குற்றமில்லை. மாமியார் பாஸாகி மாப்பிள்ளை பெயிலானால்தான் வம்பு. பார்சல் கிடங்கில் பகலெல்லாம் மூட்டை தூக்கும் நம் ஆளுக்குப் பெரிய கவலையே அதுதான். அவனை வகுப்பில் எல்லோரும், டீச்சர் உட்பட, 'மாப்பிள்ளை' என்றே கூப்பிட்டார்கள். மாமியார் வாயிலிருந்து விழுந்து ஒட்டிக்கொண்ட பேர்.

மாமியாருக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. வீட்டில் அவர் சட்டமே போட்டுவிட்டார்.

"இந்தத் தடவை யாரு பெயிலாகுறாங்களோ, அவங்க டிவி ரிமோட்டத் தொடக் கூடாது."

சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் படிப்பவர்கள் இரண்டே பேர்.

அறிவியலில் ஒளிப் பிரதிபலிப்புப் பாடத்துக்கு டீச்சர் வைத்த பரீட்சை, மினி கோல்ஃப். ஆளாளுக்குத் தரையில் ஒரு ஆட்டக்களம் செய்ய வேண்டும். பந்துக்கும் குழிக்கும் நடுவே ஏதாவது மறிக்க வேண்டும். பந்து சுவரில் மோதித் திரும்பி வந்துதான் விழ வேண்டும்.

"பழகும்போது சுவத்துல கண்ணாடியச் சாத்தி வைங்க" என்றார் டீச்சர். "கண்ணாடிக்குள்ள குழி தெரியும்ல, அந்தப் பொய்க்குழியப் பாத்து அடிங்க. நிஜக்குழியில விழும். பரீட்சையில கண்ணாடி கிடையாது. ரெண்டு அடிதான். ஏன் விழுந்துச்சுன்னும் சொல்லணும்."

மாப்பிள்ளை துடைப்பக் கட்டையில் மரத்துண்டை ஆணியடித்து மட்டை செய்தான். குழிக்கு ஒரு டம்ளரைப் படுக்க வைத்தான். நடுவே வாளியைக் கவிழ்த்தான். வகுப்புக் கூடத்தை இரண்டாகப் பிரிக்கும் இடுப்புயரக் குட்டிச்சுவரே அவனுடைய சுவர். வீட்டிலிருந்து பெண்டாட்டியின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து அதில் சாத்தினான். இரண்டாம் நாளே அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் தலை சீவறதா, நீங்க கோலி விளையாடுறதா?"

ஆனால் கண்ணாடி கைவிட்டுப் போகுமுன் அவன் ஒன்றைப் பார்த்துவிட்டான். கண்ணாடிக்குள் டம்ளர் தெரிந்த இடத்துக்கு நேர் மேலே, சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு கொண்டை தெரிந்தது. மாமியாரின் கொண்டை. கூடத்தின் ஒரே மின்விசிறி அங்கேதான் சுற்றியது. தன் களத்தை எப்போதோ முடித்துவிட்ட மாமியார் தினமும் அதன் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

கொண்டையைப் பார்த்து அடித்தான், பந்து சுவரில் மோதித் திரும்பி டம்ளருக்குள் விழுந்தது. டங்! இன்னொரு தடவை. டங்! மாமியார் இருக்கக் கண்ணாடி எதற்கு? கல்யாணமான நாளிலிருந்து அவரால் கிடைத்த முதல் உபகாரம்.

"என்ன மாப்பிள்ளை, என்னையே பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை. நீங்க அங்க இருந்தா எனக்கு ஒரு தெம்பு."

மாமியார் உச்சி குளிர்ந்துபோனார். அன்றிலிருந்து அவன் தட்டில் முட்டை இரண்டாக விழுந்தது.

பரீட்சையன்று மாமியார் ஒரே தட்டில் பந்தைப் போட்டுவிட்டு, காரணத்தையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்து மாப்பிள்ளை. மட்டையைப் பிடித்து நிமிர்ந்தான். கொண்டையைக் காணோம்!

மின்விசிறி பழுதென்று கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். பழகின கண் என்ன செய்யும்? ஜன்னலோரக் கொண்டைக்கே குறி வைத்தது. பந்து சுவரில் முட்டி, கூடம் முழுக்க ஊர்வலம் போய், டீச்சர் கழற்றி வைத்திருந்த செருப்புக்குள் அடைக்கலம் புகுந்தது.

"மாப்பிள்ளை, அது சைஸ் சின்னது, உங்களுக்குச் சேராது!" என்று கத்தினான் கூடப் படிக்கும் பிளம்பர்.

மிச்சம் ஒரே அடி. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"அத்தை, கொஞ்சம் பழைய இடத்துலயே உக்காருங்களேன்."

"எதுக்கு? அங்க காத்தே வரல."

"சும்மாதான்."

"சும்மா உக்காந்து வேர்க்கணுமா?"

டீச்சர் கண்ணைச் சுருக்கினார். "அவங்க எதுக்கு மாப்பிள்ளை அங்க உக்காரணும்?"

சொன்னால் முட்டை போகும். சொல்லாவிட்டால் ரிமோட் போகும். ஆயுள் நீண்டது ரிமோட்தான் என்று முடிவு செய்தான்.

"டீச்சர், டம்ளர் சுவத்துலேருந்து இந்தப் பக்கம் மூணு தப்படியில இருக்கு. அந்தப் பக்கமும் நேரா மூணு தப்படியில ஒரு பொய் டம்ளர் இருக்கு. கண்ணாடி இல்லாததால தெரியல, அவ்வளவுதான். அந்தப் பொய் டம்ளரப் பாத்து அடிச்சா, பந்து சுவத்துல எந்தச் சாய்வுல மோதுதோ அதே சாய்வுல திரும்பி நிஜ டம்ளருக்கு வந்துரும். அத்தை..." மட்டையைச் சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டினான். "அத்தை அந்தப் பொய் டம்ளர் மேலதான் தினமும் உக்காந்திருந்தாங்க."

மாமியார் மெல்ல எழுந்தார்.

"அப்போ தெம்பு, தெம்புன்னீங்களே..."

"கொண்டைதான் அத்தை."

"இத்தனை நாளா என் தலைக்கா குறி வெச்சீங்க? ரெண்டு முட்டை போட்டேனே!"

டீச்சர் மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காரணம் சரி. பாதி பாஸ். பந்தும் விழணும்" என்றார்.

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பெயிலான மாப்பிள்ளையிடமிருந்து ஒரு ரிமோட் கிடைக்கும். கொண்டையால் பாஸான மாப்பிள்ளையை ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டலாம். ஸ்டூலைத் தூக்கினார். சுவரிலிருந்து மூன்று தப்படி அளந்தார். உட்கார்ந்தார். குப்பைக்கூடை மூடியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"ம், அடிங்க."

"அத்தை, மூடி கொண்டைய மறைக்குது."

பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை இறக்கினார். மாப்பிள்ளை அடித்தான்.

டங்!

அன்று சாயங்காலம் தட்டில் முட்டையே இல்லை. மாமியார் நாற்காலியை டிவிக்கு நேர் முன்னால் இழுத்துப் போட்டு, வாளி மாதிரி மறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாஸானவங்க ரிமோட்டத் தாராளமா அமுக்கலாம். வேலை செஞ்சா பாத்துக்குங்க."

மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்தான். பக்கத்துச் சுவரில் பெண்டாட்டியின் கண்ணாடி தொங்கியது. அதற்குள் ஒரு பொய் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை நோக்கி நீட்டி அமுக்கினான்.

சேனல் மாறியது.