ஒரு கட்டம் இறக்கி

ஆறு கம்பிகளில் இரண்டு பேசின, மூன்று முனகின, ஒன்று டொக்கென்று கட்டையில் தட்டிய சத்தம் போட்டது. கண்ணாடிக் கடைக்காரர் கிடாரை மடியிலிருந்து விலக்கி, கடன் வாங்கிவிட்டு முகம் காட்டாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆட்காட்டி விரல் ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுத்து அழுத்த வேண்டும்; மற்ற மூன்று விரல்கள் அதற்கு முன்னால், கிடாரின் கழுத்தில் குறுக்குப் பட்டைகள் பிரித்த கட்டங்களில், அதனதன் இடத்தில் குந்த வேண்டும். படத்தில் பார்த்தால் இவ்வளவுதான். கையில் செய்யும்போது விரல் படுத்தால் மணிக்கட்டு முரண்டு பிடித்தது, மணிக்கட்டு வழிக்கு வந்தால் சுண்டுவிரல் ஊரைவிட்டு ஓடியது. ஜன்னல் கண்ணாடியும் நிலைக்கண்ணாடியும் அறுத்தே தலை நரைத்த மனிதர். ஆளுயரக் கண்ணாடியை ஒற்றை ஆளாய்த் தூக்கி மாடிப்படி ஏறுகிற கை, ஆறு கம்பிகளிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

கிடார் மகளுடையது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது உறையோடு விட்டுவிட்டுப் போனாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கைப்பேசியைப் பசை டப்பாவில் சாய்த்துவைத்து அவளிடம் பாடம் கேட்பார். முதலில் அவள் எளிதான பிடிகளைத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், ஒரு இடம், அங்கேயிருந்து அசையாது. அதோடு நிறுத்தியிருந்தால் அவரும் நிறுத்தியிருப்பார். ஆனால் ஒருநாள் இந்தப் புதுப் பிடியைக் காட்டும்போது அவள் சொன்னது அவர் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"இது உங்க அச்சு மாதிரிப்பா. ஒரு அச்சை வெச்சு கண்ணாடில எங்க வேணா வெட்டுறீங்கல்ல, அதேதான். கையோட வடிவம் மாறாது. ஒரு கட்டம் கீழ நகத்தினீங்கன்னா மொத்தப் பாட்டும் ஒரு கட்டம் கீழ இறங்கிடும்."

"மொத்தப் பாட்டுமா?"

"மொத்தப் பாட்டும்."

அவர் அன்று வேறெதுவும் கேட்கவில்லை. மகள்தான் சிக்னல் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றாள்.

விஷயம் இதுதான். அவர் மனைவி பாடுவாள். மேடைப் பாட்டு இல்லை. சட்டம் பூட்டி முடித்த கண்ணாடிகளைப் பழைய செய்தித்தாளால் துடைக்கும்போது பாடுவாள். அதிலும் ஒரு பாட்டு, கல்யாணமான புதிதிலிருந்து அந்த ஒரு பாட்டு. பொருளை வாங்கிய வாடிக்கையாளர்கள்கூடப் பாட்டு முடியட்டும் என்று வாசலில் நிற்பார்கள். போன வருஷம் தைராய்டுக்காகக் கழுத்தில் அறுவை செய்தார்கள். ஆள் பிழைத்தாள், குரலும் வந்தது. ஆனால் தடித்து, ஒரு படி இறங்கி வந்தது. பேச்சுக்கு அது போதும், பாட்டுக்குப் போதவில்லை. ஒருநாள் குளியலறையில் அவள் அந்தப் பாட்டை எடுத்ததை அவர் வெளியே நின்று கேட்டார். இரண்டாவது வரி ஏறும் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. உடனே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் வாயை மூடிக்கொண்டு கண்ணாடி துடைத்தாள். கடையில் காகிதம் தேய்கிற கீச்சொலி மட்டும் கேட்டது. அதை அவரால் தாங்கவே முடியவில்லை.

குரல் ஏறாது என்றால் பாட்டு இறங்கட்டுமே. இவ்வளவுதான் அவர் போட்ட கணக்கு.

கணக்கு போட்டது சுலபம், விரலுக்கு அல்லவா தெரியும் வலி. அடி மேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்திருக்கும், அவருடைய சுண்டுவிரல் நகரவில்லை. முழு பலத்தையும் போட்டு அழுத்தினார். விரலில் ஆறு கோடு விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் தொழில்தான் கைகொடுத்தது. ஒரு மதியம் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தவருக்குத் தன் கையே கண்ணில் பட்டது. அறுப்பானை அவர் ஒருபோதும் பலமாக அழுத்துவதில்லை. கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அளவு அழுத்தம், அவ்வளவுதான். பலம் கூடினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். பாதி அறுத்ததை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் கிடாரை எடுத்தார். விரலைச் சற்றுப் புரட்டி, எலும்பு தட்டுப்படுகிற பக்கமாகப் படுக்கவைத்து, கோடு போடுகிற மாதிரி அழுத்தினார். ஆறு கம்பியும் பேசின. பாதிக் கோட்டோடு நின்ற அந்தக் கண்ணாடி பிறகு கோணலாக உடைந்தது. அவர் வாழ்க்கையில் சந்தோஷமாகக் குப்பையில் போட்ட ஒரே கண்ணாடி அதுதான்.

பாட்டுக்கு மூன்றே பிடிகள். மூன்றையும் ஒரே வடிவத்தில் பிடித்து, கிடாரின் கழுத்தில் மேலும் கீழும் ஓடக் கற்றுக்கொண்டார். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணாடி துடைக்கும் நேரமாகப் பார்த்து, தன்பாட்டுக்கு வாசிப்பதுபோல் வாசிப்பார். முதல் தடவை பழைய சுருதியில், ஐந்தாம் கட்டத்தில் தொடங்கினார். அவள் முனகினாள், இரண்டாவது வரிக்கு முன்னால் இருமி நிறுத்திக்கொண்டாள். சில நாள் விட்டு நாலாம் கட்டத்தில் தொடங்கினார். பிறகு மூன்றாவது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் அவள் இன்னும் கொஞ்சம் தூரம் போனாள். முதல் கட்டத்துக்கு வந்த அன்று அவள் பாட்டை முழுசாகப் பாடினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடித் தூள் பட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு முகம் கழுவப் போனார்.

மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது, குரல் திரும்பி வந்துவிட்டது, பழைய பாட்டெல்லாம் பாடுகிறேன் என்று அவள் மருத்துவரிடம் சொன்னாள். மருத்துவர் தன் கைவேலையை நினைத்துப் பூரித்துப்போனார். பக்கத்தில் நின்ற நம்மவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம் எத்தனை நாள் ஓடும்? அவள் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் புது வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடுகிறார்கள். அக்கா அந்தப் பாட்டைப் பாட வேண்டும், தான் கீபோர்டு வாசிப்பதாகச் சொன்னான். அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல் அவர் வாய் திறக்காமல் நின்றார். தம்பிக்குத் தெரிந்தது பழைய சுருதிதான். அதில் தொடங்குவான். இத்தனை பேருக்கு நடுவே இரண்டாவது வரியில் அவள் குரல் பிளக்கும். அவனிடம் ரகசியமாகச் சொல்லிவைக்கலாமா என்று பார்த்தால், கீபோர்டில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதாம். அழுத்தினால் மொத்தப் பாட்டும் இறங்கிவிடுமாம். மகள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள். விரலில் காய்ப்பு ஏறியிருந்த மனிதருக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவும் போக, அவளுக்குத் தெரியாமல் இன்னொரு பொய்யா? எங்கேயோ தடுமாறி அவளுக்குத் தெரிந்தால், அதற்குப் பிறகு அவள் எப்போதுமே பாடமாட்டாள் என்று பயந்தார்.

சனிக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கினார். அவள் வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு பெரிய நிலைக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"உன் குரல் ஏறலம்மா. நான்தான் பாட்டை இறக்கிட்டேன். ஒவ்வொரு கட்டமா."

காகிதம் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனாள்.

"இத்தனை நாளா நான் இங்க உக்காந்து எதைத் தொடச்சிட்டு இருக்கேன்?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தோளுக்கு மேலே, பளிச்சென்று துடைத்த கண்ணாடியில், கிடாரும் மடியும் முதல் கட்டத்தில் படுத்திருந்த தன் விரலும் தெரிந்தன. பக்கத்துக் கண்ணாடியிலும் தெரிந்தன. சுவரில் சாய்ந்திருந்த எல்லாக் கண்ணாடியிலும் அவரே கையும் களவுமாக உட்கார்ந்திருந்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவருக்கு இது தோன்றவில்லை.

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட குரல் வந்துடுச்சுன்னு சொன்ன?"

"நீங்க பக்கத்துல நின்னீங்க. வேற என்னத்தச் சொல்றது?"

தம்பியிடம் கீபோர்டை உறையிலேயே வைக்கச் சொல்லிவிட்டதாகவும், நாளைக்கு அவர்தான் வாசிக்க வேண்டும் என்றும் அவள் சொன்னாள். நாலு பேருக்கு முன்னால் தன்னால் முடியாது என்று அவர் தடுமாறினார். தன்னாலும்தான் முடியாது, சேர்ந்தே அசடு வழியலாம் என்றாள். பிறகு திரும்பாமலே கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு கட்டம் இறக்குங்க. ரெண்டாவது வரி இப்பவும் இடிக்குது. நீங்க ஆசையா பாக்குறீங்களேன்னு இழுத்துப்பிடிச்சுப் பாடிட்டு இருந்தேன்."

இறக்குவதற்குக் கட்டம் இல்லை. முதல் கட்டத்தோடு கிடாரின் கழுத்து முடிகிறது; அதற்கப்பால் கம்பிகளைத் தாங்கும் வெள்ளை எலும்புத் துண்டு, அதற்கப்பால் முறுக்காணிகள். இல்லையென்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் கையைப் பார்த்தார். மூன்று விரல்களையும் வடிவம் கலையாமல் ஒரு கட்டம் நகர்த்தினார். ஆட்காட்டி விரல் எலும்புத் துண்டின் மேல் போய் இடித்தது. அது எந்த வேலைக்காக இத்தனை மாதம் வலித்ததோ, அந்த வேலையை எலும்புத் துண்டு சும்மாவே செய்துகொண்டிருந்தது. விரலைத் தூக்கினார். மற்ற மூன்றும் நின்ற இடத்தில் நின்றன. மகள் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பிடிகளில் ஒன்று அது.

மீட்டினார். ஆறும் பேசின, கனமாக, தாராளமாக. வேலையில்லாத ஆட்காட்டி விரல் வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளையுடையதுபோல் அந்தரத்தில் நின்றது. எதிரே எல்லாக் கண்ணாடிகளிலும் அது நின்றது. அவள் செய்தித்தாளை மடியில் போட்டுவிட்டு, நிலைக்கண்ணாடிக்கு வெகு அருகில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். வாய் திறந்தபோது, அப்போதுதான் துடைத்த கண்ணாடியில் சின்ன வட்டமாக ஆவி படிந்தது.