ஐந்து மணி நேரம்

எதிராளி முதலில் விலையைச் சொல்லிவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது என்பது, காரைக்கால் கடைத்தெருவில் முப்பது வருடம் துணி விற்ற காஜா நஜ்முதீனின் நம்பிக்கை. அன்று டாக்டர் சிவப்ரியா முதலில் சொல்லிவிட்டார்.

"முட்டிக்குப் பின்னாடி ஓடுற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. அடிபட்டு ஆறு மணி நேரத்துக்குள்ளன்னா காலுக்கு நல்ல வாய்ப்பு. எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அஞ்சு இருக்குங்க," என்றார் காஜா.

அப்போது மாலை நான்கு. அவருடைய அக்கா மகன் தௌஹீத், கீழவாஞ்சூர் சாலையில் நிலக்கரி லாரியின் பின்புறம் பைக்கோடு மோதியது காலை ஏழு மணிக்கு. விலகிய முட்டி தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எலும்பு கட்டுபவர் தடவிப் பார்த்து, "முறிவே இல்ல, கொடுத்து வச்ச புள்ள" என்று மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மதியம் பாதம் மரத்தது. கட்டு இறுக்கம் என்றார்கள். ஐஸ் பெட்டி மீனாக அது சில்லிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி.

எக்ஸ்ரேயும் முறிவில்லை என்றுதான் சொன்னது. சிவப்ரியா அதோடு விடாமல் பாதத்தில் நாடி தேடினார். ரத்த ஓட்டத்தை ஒலியாக்கும் டாப்ளர் கருவி இடது காலில் இரைந்தது. அடிபட்ட வலது காலில் ஊமையாகிவிட்டது. மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேனில் ரத்தம் முட்டியோடு நின்றிருந்தது.

ஒன்பது மணி நேரம் என்றால் கைவிரித்துவிடுவார்களோ என்று காஜாவுக்குப் பயம். ஸ்ட்ரெச்சரில் கிடந்த தௌஹீத் மாமாவைப் பார்த்தான். சவூதியில், தம்மாமில் கிரேன் வேலை. இருபத்திரண்டாம் தேதி விமானம். அவனும் வாயைத் திறக்கவில்லை.

நைந்த குழாயை வெட்டியெடுத்து, இடது காலிலிருந்து எடுத்த சிரையை அங்கே வைத்துத் தைத்தார் சிவப்ரியா. நாடி வந்தது. பிறகு, வீங்கிய கெண்டைக்காலின் இறுக்கத்தைத் தளர்த்த நீளமாகக் கீறினார். உள்ளே சதை சாம்பல் நிறத்தில் இருந்தது. தொட்டால் துடிக்கவில்லை. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது.

வெளியே வந்தார். "உண்மையான நேரத்தைச் சொல்லுங்க பாய்."

"ஆறு இருக்கலாங்க."

டாக்டர் நகரவில்லை.

"ஏழரைன்னு வச்சுக்குங்களேன்."

"இது ஜவுளி இல்ல. செத்த சதையோட விஷம் கிட்னிக்குப் போயிட்டிருக்கு."

"காலைல ஏழு மணிங்க."

"அப்பவே சொல்லியிருந்தா முதல்ல சதையைத் திறந்து பாத்திருப்பேன். செத்த காலுக்கு ரத்தத்தை விட்டிருக்கவே மாட்டேன். இப்ப காலை எடுத்தாத்தான் உயிர்."

"முட்டியாவது நிக்குமா?"

"முட்டிக்கு மேல எடுக்கணும்."

காஜா கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் தௌஹீத் கண் விழித்தான். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே படுத்திருந்தது.

"முட்டி இருக்கா மாமா?"

"இல்லப்பா."

"நீங்க அஞ்சுன்னப்ப நானும் கேட்டுக்கிட்டுத்தானே கெடந்தேன்." இடது காலை லேசாக அசைத்தான். "இந்தக் காலைத் தொட்டுப் பாருங்க. சூடு இருக்கா?"

காஜா இடது பாதத்தை உள்ளங்கையில் பொத்தினார். கதகதவென்று இருந்தது.

"இருக்குப்பா."

"நெசமாவா?" என்றான் தௌஹீத். பிறகு, தொட்டுப் பார்த்துச் சொல்ல நர்ஸைக் கூப்பிட்டான்.