துருவில் இருந்த வயது

புஷ்பலதா வாளைக் கோரைப்பாய்க்குள் சுருட்டி, இன்சீனிலிருந்து, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் கொண்டுவந்திருந்தாள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சிப்பாய்கள் பையைக் கிளறிப் பார்க்கிற காலத்தில் இப்படி ஒரு காரியம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிடிபட்டிருந்தா உன் மகனுக்கு முந்தி உன்னைத் தூக்கிட்டுப் போயிருப்பான். சொல்லியனுப்பினா நான் வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டேனா?"

"பொறுக்க முடியல மைமூன் அக்கா. சுந்தர் பேரு விழுந்ததிலேருந்து வீட்ல யாருக்கும் சோறு இறங்கல."

பேர் விழுந்தது கட்டாயப் பட்டாளத்துக்கு. வார்டு ஆபீசில் சீட்டுக் குலுக்கி எடுத்த பெயர்களில் அவள் மகன் பெயரும் வந்துவிட்டது. எங்கள் தாமுவே பேட்டையிலிருந்து அப்படிப் போன பிள்ளைகளில் ஒருவனும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் எனக்குப் பழம்பொருள் கடை. ஜப்பான் வாள் வந்தால் நான் பார்த்து வயது சொல்வேன். தேறியதை எல்லை தாண்டிக் கொண்டுபோய் ஜப்பான் வியாபாரியிடம் சேர்ப்பவன் ஹஸ்ஸான். இந்தத் தடவை அவனிடம் சண்டை போட்டு ஒரு வாக்கு வாங்கி வைத்திருந்தேன். வாள் பழையதாக இருந்து வியாபாரி எடுத்துக்கொண்டால், அது போகிற வழியிலேயே சுந்தரையும் கூட்டிப்போய்த் தாய்லாந்துப் பக்கம் விட்டுவிட வேண்டும். ஆக, இந்த வாளுக்கு வயது இருந்தால்தான் பையன் தப்பிப்பான்.

பாயை விரித்தேன். ஜப்பான் பட்டாளத்து உறை. அதைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. உலக யுத்த காலத்தில் தொழிற்சாலையில் அடித்துத் தள்ளிய வாளும் இந்த உறையில்தான் வரும். முப்பாட்டன் வாளை வீட்டிலிருந்து எடுத்துவந்து இதே உறையில் போட்டுக்கொண்ட அதிகாரிகளும் உண்டு. ஜப்பான்காரன் தோற்று ஓடியபோது இன்சீன் ரயில் பட்டறையில் ஒரு பெட்டிக்குள் விட்டுப்போனதைப் புஷ்பலதாவின் மாமனாருடைய அப்பா எடுத்து வந்தாராம்.

உருவினேன். விபூதி வாசனை வந்தது. பிடிக்குச் சற்று மேலே, அலகில் ஒரு செதுக்கு.

"பாம்பு சுத்தின வேல், அக்கா. அதனாலதான் சாமி மாடத்துல வச்சோம்."

"பாம்பும் இல்லை, வேலும் இல்லை." லென்ஸை வைத்துக் காட்டினேன். "கால் இருக்கு பார். இது டிராகன். நேரான கத்தி ஒண்ணைச் சுத்திக்கிட்டு அதோட முனையை விழுங்குது. அவங்க ஊர்ல ஒரு கோபக்காரத் தெய்வத்துக்கு இதுதான் அடையாளம்."

"சாமிதானே அக்கா?"

"சாமிதான்." அவள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு ஆசை வந்துவிட்டது, பொய் சொல்வானேன். தொழிற்சாலை வாளில் யாரும் மெனக்கெட்டு இப்படிச் செதுக்குவதில்லை. விலைக்காகப் பின்னால் வெட்டிச் சேர்க்கிற திருட்டு வேலையும் நடக்கும்தான், ஆனால் அந்த வெட்டு கூர்மையாக இருக்கும். பழைய வாளைத் தலைமுறைக்குத் தலைமுறை சாணை பிடிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் இரும்பு கொஞ்சம் போய்ச் செதுக்கு மழுங்கும். இதில் செதில்கள் மழுங்கிக் கிடந்தன. ஒரு கால் நகமே இல்லை. முந்நூறு வருஷத் தேய்மானம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அடக்கிக்கொண்டேன். கடைசி வார்த்தையைச் சொல்வது காம்பு, அதாவது பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி. ஜப்பானில் யாரும் அதைத் துலக்க மாட்டார்கள். அதில் ஏறுகிற துருதான் வாளின் வயது. யுத்தகாலத் துரு செம்மண் நிறம். நூற்றாண்டு தாண்டிய துரு கறுத்து, வழுவழுப்பாக, இரும்போடு இரும்பாக இறங்கியிருக்கும். அடித்த கொல்லன் தன் பெயரை வெட்டுவதும் அங்கேதான். வியாபாரி முதலில் கேட்பதும் காம்பின் போட்டோவைத்தான்.

மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினேன்.

காம்பு, துலக்கிக் கவிழ்த்த குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது. பெயர் இல்லை, கொல்லன் அரம் போட்ட கோடு இல்லை, துரு என்று ஒரு பொட்டும் இல்லை.

"என்னடி செஞ்சு வச்சிருக்கே?" கத்தியேவிட்டேன்.

அவள் பயந்துபோனாள். "ஆயுத பூசைக்குத் தேய்ப்போம் அக்கா. வருஷா வருஷம், பிடியைக் கழத்தி முழுசா. புளியும் செங்கல்தூளும் போட்டு. அழுக்கு ஆயுதத்தைச் சாமி முன்னால வைக்கலாமா?"

அப்போதுதான் அந்த மழுங்கல் எனக்கு உறைத்தது. டிராகனைத் தேய்த்தது ஜப்பானியச் சாணைக்காரர்களா, இன்சீன் வீட்டுச் செங்கல்தூளா? யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. ஆத்திரத்தில் அவளைக் கண்டபடி பேசினேன். துருவைச் சுரண்டி எறிந்துவிட்டு வயது கேட்டு வந்து நிற்கிறாயே என்றேன்.

இருந்தாலும் இரண்டு பக்கமும் படம் எடுத்து ஹஸ்ஸானுக்கு அனுப்பினேன். கரண்ட் போயிருந்தது. புழுக்கத்தில் இருவரும் பச்சைத் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஹஸ்ஸான் கூப்பிட்டான். "மாமி, அவர் வேணாங்கிறார். இந்தக் காம்பை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம். சந்தேகப் பொருளை எடுக்க மாட்டாராம்."

"பையனையாவது கூட்டிட்டுப் போடா."

"வழியெல்லாம் காசு அழணுமே மாமி. வாள் போனா அதுல சரிக்கட்டிருவேன். சும்மா எப்படி?"

புஷ்பலதாவிடம் சொன்னேன். அவள் அழுதிருந்தால் தேவலை. காம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"போன வருஷம் வரைக்கும் இது கறுப்பாத்தான் இருந்துச்சு அக்கா."

"என்னது?"

"நாங்க எவ்வளவு தேய்ச்சும் இந்த இடத்துல மட்டும் போகாது. புளியங்கொட்டைத் தோல் மாதிரி ஒரு கறுப்பு, வழுவழுன்னு. என்னமோ எழுத்துக்கூட இருந்துச்சு. இந்த வருஷம் பூசைக்குக் கொஞ்சம் முந்தித்தான் சுந்தர் பேரு விழுந்துச்சு. ஒரு பொட்டு அழுக்கு இல்லாம ஆயுதத்தை வச்சா சாமி காப்பாத்தும்னு நான்தான் சொன்னேன். அவன் உப்புத்தாள் வாங்கிட்டு வந்து உக்காந்தான். எழுத்து போற வரைக்கும் விடல."

புளியங்கொட்டைத் தோல். அதைவிடச் சரியாக அந்தத் துருவை நான்கூடச் சொன்னதில்லை. யுத்தத்துக்கு எத்தனையோ தலைமுறை முந்திய வாள் இது. போன மாதம், பூசைக்கு முந்தி வந்திருந்தால் பையன் இந்நேரம் எல்லையைத் தாண்டியிருப்பான்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அது பழசுதானா? தேய்க்காம கொண்டாந்திருந்தா எம்புள்ள தப்பிச்சிருப்பானா?"

இத்தனை வருஷத்தில் ஒரு வாளுக்கும் நான் வயதைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. காலில் விழுந்து கேட்டவர்களுக்கும் சொன்னதில்லை.

"எது, அந்தக் கறுப்பா?" என்றேன். "அது எண்ணெய்க் கசடு. ரயில் பட்டறையில கெடந்ததுல்ல? இது யுத்தகாலத்துத் தொழிற்சாலை வாள்தான் புஷ்பா. செதுக்கு, பின்னால எவனோ விலைக்காக வெட்டினது. தேய்க்காம கொண்டாந்திருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பேன்."

"சத்தியமா?"

"அல்லா மேல ஆணை."

அவள் மூச்சு விட்டாள். தோள் இறங்கியது. முகத்தில் ஏதோ ஒரு பாரம் குறைந்ததைப் பார்த்தேன், அதைப் பார்க்க என்னால்தான் முடியவில்லை.

"அப்ப அவன் ஒண்ணும் கெடுக்கலை."

"இல்லை."

"அது போதும் அக்கா. திங்கக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. அதுக்கு முந்தி அவன்கிட்டச் சொல்லிடணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விரல் தோலெல்லாம் உரிஞ்சு ரத்தம் வந்துச்சு, அப்பவும் விடல. பூசை முடிஞ்சதும் கையைக் காட்டிச் சிரிக்கிறான் அக்கா. 'இனிமே சாமி பாத்துக்கும்மா, நான் பாக்கி வைக்காமத் தேய்ச்சிட்டேன்'கிறான்."